வானம் பார்த்த வைத்தியர்

மனைவியின் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். இங்கே மலேசியாவில், கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, சமையலறை நாள்காட்டியைப் புரட்டியது. அன்றைக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம். துறைமுகத்தில் லோரி ஓட்டும் நான், எனக்குச் சந்திராஷ்டமம் என்றால் லீவு போட்டுவிடுகிற ஆள். அவள் வயிற்றில் கத்தி வைக்க விடுவேனா? அவளை ஒரு வார்த்தை கேட்காமல் போன் செய்து தேதியை மாற்றச் சொன்னேன். ஆறு வாரம் கழித்துத்தான் அடுத்த தேதி கிடைத்தது.

"ஆறு வாரந்தானே லா. நல்ல நாளா அமைஞ்சிருக்கு," என்று அவளிடம் பெருமையாகவே சொன்னேன்.

அந்த ஆறு வாரமும் பண்டமாரானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாய்ந்தபடி ஒரு வீடியோ கேம் விளையாடினாள். மகள் டேப்லட்டில் ஏற்றிக் கொடுத்தது. பல நூறு வருடங்களுக்கு முந்தைய லண்டன். அங்கே ஒரு அரைகுறை வைத்தியர். நோயாளி வந்தால் நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். கிரகங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பலன் சொல்வார். எந்தப் பலன் என்று விளையாடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவலி என்று வந்த வியாபாரியிடம், சனி சரியில்லை, கப்பலேறாதே என்பார். கூடவே பேதிக்கு மருந்தும் கொடுத்தனுப்புவார். வலியை மறந்து அவள் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ரத்தம் போகிறது என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை, சந்திரன் சரியில்லை, அடுத்த மாதம் வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் வைத்தியர்.

"ஏங்க, இந்த ஆளு உங்களுக்குச் சொந்தமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் வெடுக்கென்று எழுந்து கார் கழுவப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. யாராவது வராமல் இடம் காலியானால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று அப்போதாவது ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வீம்பு அப்படி.

நல்ல நாளில் வயிற்றைத் திறந்தார்கள். புற்று ஈரல் வரை பரவியிருந்தது. ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டார்கள். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது அங்கிள்," என்றார் அந்தப் பெண் டாக்டர். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவளைப் பார்க்க அம்பாங்கிலிருந்து அவள் அக்கா வந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் இவ்ளோ லேட் பண்ணீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"டேட் கிடைக்கல லா அக்கா. ஆஸ்பத்திரில ஒரே கூட்டம்," என்றாள் என் மனைவி.

முப்பது வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அக்கா ஆஸ்பத்திரியைத் திட்டத் தொடங்கினார். நானும் ஆமாம் ஆமாம் என்று சேர்ந்து திட்டினேன்.