லாயிட் ஹூக்ஸ்ட்ராவும் மூன்று கரண்டி மெக்னீசியமும்

பனி கொட்டும் ஊரான மஸ்கீகனில் லாயிட் ஹூக்ஸ்ட்ராவின் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி கேட்டுப் பாருங்கள். காப்பித்தூளை எடுக்கும் முன் அலமாரியிலிருந்து ஏழெட்டு டப்பாக்களை இறக்கி வைக்க வேண்டியிருக்கும். எல்லாம் பவுடர். தசை வளர ஒன்று, தசை வலி போக ஒன்று, தூக்கம் வர ஒன்று, வந்த தூக்கத்தை விரட்ட ஒன்று. ஒவ்வொரு டப்பாவும் பெயிண்ட் வாளி அளவு. அதன் மேல் சட்டையில்லாத ஒருவன் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருப்பான்.

"இவன் ஏன் இந்தக் கத்து கத்துறான் தெரியுமா? இதை ஒரு வாய் குடிச்சுப் பாத்திருப்பான்" என்பாள் லாயிட்டின் மனைவி ஜனெல்.

லாயிட்டுக்கு வயது ஐம்பத்திரண்டு. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். கோடையில் அதே சாலைகளில் குழி அடைப்பான். நாலு வருடம் முன்பு டாக்டர் அவன் வயிற்றைக் காட்டி ஏதோ சொன்னார். பாவம், கொஞ்சம் நடக்கத்தான் சொல்லியிருப்பார். இவன் டயர் கடைக்குப் பக்கத்து ஜிம்மில் போய் விழுந்தான். அன்று பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை.

அந்த ஜிம்மில் ஆளைக் கொல்லும் பயிற்சிகளுக்குப் பெண் பெயர் வைப்பது வழக்கம். சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் போட்டுக்கொண்டே, "நேத்து பிரெண்டா என்னைச் சக்கையாப் பிழிஞ்சுட்டா" என்று லாயிட் சொல்லப்போக, பாதிரியார் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஜிம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. வராதவர் பெயருக்கு எதிரே பயிற்சியாளர் ட்ரெவர் ஒரு கோழி படம் போடுவான். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். லாயிட் பெயருக்கு எதிரே கோழி வந்ததே கிடையாது. காய்ச்சலோடு போவான், இருமிக்கொண்டு போவான், சொந்தக் கல்யாண நாளன்றும் போவான்.

அதற்கெல்லாம் உடம்பு பழிவாங்கத்தான் செய்தது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவான். கழிவறையில் உட்காரத் துண்டு மாட்டும் கம்பியைப் பிடிப்பான். இரண்டு தடவை அது சுவரைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. வலி கூடினால் இன்னொரு பவுடர் வாங்குவான். ஒரு நாள் வீட்டில் சும்மா இருந்தால் என்ன என்று கேட்டால், கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி முகத்தைச் சுளிப்பான்.

ஜூன் மாதம் ஜிம்மில் ஜோடிப் போட்டி. ஆணும் பெண்ணுமாக இரண்டிரண்டு பேர். போன வருடம் லாயிட்டும் ஜனெலும் சேர்ந்து இறங்கினார்கள். கடைசிச் சுற்றில் இவன் தொடை இரண்டும் பிடித்துக்கொள்ள, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நட்ட நடுவில் மல்லாந்துவிட்டான். பல் டாக்டர் பிரெண்ட் வான்டர்மீர் பார்பெல்லோடு இவனைத் தாண்டிப் போய் ஜெயித்தார். ஜனெலுக்கு மானம் கப்பலேறிவிட்டது. அவள் அந்தப் பல் டாக்டரின் கிளினிக்கில்தான் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். திங்கட்கிழமை காலை அவர் முகத்தில் விழிக்க வேண்டாமா?

இந்த வருடம் பல் டாக்டரின் ஜோடி ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டாள்.

"என்னைக் கூப்பிடுறாரு" என்றாள் ஜனெல்.

"எதுக்கு?"

"எதுக்கா? பல்லு வெளக்க! போட்டிக்குத்தான். ரெண்டு பேருக்கும் ஒரே கலர்ல டி-ஷர்ட்டுகூட எடுத்துத் தர்றாராம்."

ஒரே கலர் டி-ஷர்ட்! பெண்டாட்டியும் அந்த வெள்ளைப் பல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை லாயிட்டால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"நான் இல்லையா ஜனெல் உனக்கு?"

"இருக்கே. ஆனா எப்படி இருக்கே? படியில நண்டு மாதிரி இறங்குறே. கேட்டுக்கோ லாயிட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ எதையும் பிடிக்காம நாற்காலியில உக்காந்து எந்திரிச்சுக் காட்டணும். முடியலேன்னா நான் டாக்டரோட நிக்கிறேன். இந்தத் தடவை சும்மா சொல்லலே."

அவள் சொன்ன விதத்திலேயே அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. வேறு யாராயிருந்தாலும் அந்த வாரம் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். நம்ம ஆள் திங்கட்கிழமை இரண்டு வேளையும் ஜிம்முக்குப் போனான். செவ்வாய்க்கிழமை துண்டுக் கம்பி மூன்றாவது தடவையாக வந்துவிட்டது.

ட்ரெவர் ஒரு டப்பாவை நீட்டினான். "மெக்னீசியம். தசையைத் தளர்த்தும். படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி. ஒண்ணுதான், சரியா?"

ஒன்று என்ன கணக்கு? இருபது வருடமாகப் பனி உருகச் சாலையில் உப்புப் போடுகிறவன் லாயிட். பனி இறுகிக் கிடந்தால் இரண்டு பங்கு போடு, இன்னும் இறுகினால் மூன்று பங்கு போடு. அதுதான் அவன் படித்த படிப்பு. அவன் தொடை இறுகிப் போயிருந்தது. ஆகவே மூன்று கரண்டி. தண்ணீரில் கலந்தால் வீரியம் போதாதென்று நினைத்து, ஒரு பாட்டில் புளிப்புச் செர்ரிச் சாற்றில் குலுக்கி ஒரே மூச்சில் குடித்தான்.

தளர்ந்தது. தொடை மட்டுமல்ல, தளரக் கூடாததெல்லாம் தளர்ந்தது.

அதன் பிறகு லாயிட் ஹூக்ஸ்ட்ராவின் முகவரி மாடிக் கழிவறைதான். புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஜிம்முக்கும் போகவில்லை. வியாழக்கிழமையும் அதே கதை. ஜனெல் வேலை முடிந்து வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள். கதவிடுக்கு வழியாக வாழைப்பழமும் ரொட்டியும் போயின.

"உயிரோட இருக்கியா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"மேல் பாதி. ஜனெல், பலகையில எனக்குக் கோழி போட்டிருப்பாங்களா?"

"இந்நேரம் முட்டையே போட்டிருக்கும்."

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது, பிறகு ஒரு முனகல், பிறகு தண்ணீர் இழுத்துவிடும் சத்தம். பேச வேறு வழியில்லாததால் பேசினார்கள். மகளுக்கு வந்த புது வேலை, பக்கத்து வீட்டு நாய், சரிந்து நிற்கிற வேலி. நாலு வருடமாக இந்த ஆள் இரவு எட்டு மணிக்கே பவுடர் குலுக்கும் ஷேக்கரும் கையுமாகத் தூங்கிப்போவான். ஜனெலுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை. புருஷன் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது, கதவு சாத்தியிருந்தாலும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாயிட் வெளியே வந்தான். எதையும் பிடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். திரும்ப உட்கார்ந்து எழுந்தான். படியில் முன்பக்கமாகவே இறங்கி, நம்ப முடியாமல் மேலே ஏறித் திரும்பவும் இறங்கினான். ஜனெல் செல்போனை எடுத்து, "டாக்டர், மன்னிக்கணும், என் ஜோடி வந்துட்டாரு" என்றாள்.

சனிக்கிழமை போட்டியில் அவன் கால்கள் அவனுடையவை போலவே இல்லை. குதித்தான், தூக்கினான், ஓடினான். அவசரத்துக்கு வேறொருத்தியை ஜோடி சேர்த்துக்கொண்டு வந்த பல் டாக்டர் கடைசிச் சுற்றில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, இவன் பார்பெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு, "காலைக் கொஞ்சம் மடக்குங்க டாக்டர், தாண்டணும்" என்றான். கோட்டைத் தாண்டியதும் ஜனெல் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

"பாத்தியா? எல்லாம் பவுடர் பண்ண வேலை!" என்றான் லாயிட்.

"பவுடர் உன்னை மூணு நாள் உக்கார வெச்சது. அவ்வளவுதான் அது பண்ணது. நீ ஓய்வு எடுத்தே லாயிட்!"

"ஓய்வா?" அவன் முகம் வாடிப்போயிற்று. "என்னைப் பாத்தா அப்படிப்பட்ட ஆள் மாதிரியா தெரியுது?"

அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தவன் சொல்கிறான் என்று அடுத்த வாரம் ஜிம் முழுக்க மூன்று மூன்று கரண்டி போட்டது. அங்கே கழிவறை ஒன்றுதான். அந்த வாரத்தின் கதையை விட்டுவிடுவோம். பலகையில் ட்ரெவர் பெயருக்கு எதிரிலும் யாரோ கோழி போட்டிருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செப்டம்பரில் அடுத்த போட்டி வந்தது. லாயிட் புது டப்பா வாங்கி வைத்தான். ஜனெல் அவனோடு தர்க்கம் செய்யவில்லை. அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து மெக்னீசியத்தைக் குப்பையில் கொட்டினாள். கடையில் விற்கிற எலுமிச்சைப் பானப் பொடியால் டப்பாவை நிரப்பினாள்.

செவ்வாய்க்கிழமை அவன் மூன்று கரண்டி குலுக்கிக் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டி, "இந்தத் தடவை ருசியைக் கூட்டியிருக்கானுங்க" என்றான். பிறகு தலையணை, மீன்பிடிப் பத்திரிகை, வேலைக்கு மூன்று நாள் லீவு எல்லாவற்றோடும் மாடிக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜனெல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்துச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல. லேசா ஒரு மாதிரிதான் இருக்கு."

"வரும் வரும். எந்திரிச்சுடாதே" என்று காப்பிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த வேலியை என்ன பண்ணலாம்னு இருக்கே? சொல்லு."