அத்தைக்காக நான் செய்த பாவசங்கீர்த்தனம்

எங்கள் அத்தையிடம் இருந்த கெட்ட குணங்களை எண்ணுவதற்கு என் இரண்டு கை விரல்களும் போதவில்லை. பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு கால் விரல்களிலும் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தையின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் அந்த வீட்டில் அத்தையைவிட எனக்குப் பிடித்தவர்கள் யாருமே இல்லை. அதனால்தான் எண்ணினேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இருபது வயது. புதுச்சேரியில் வெள்ளைக்காரன் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குச் சண்டைக்குப் போயிருந்த எங்கள் ஊர் ஆட்கள் பென்ஷனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்தா என்று சொல்வோம். அப்படித் திரும்பி முதலியார்பேட்டையில் வீடு கட்டியிருந்த ஒரு சொல்தாவை அத்தைக்குப் பார்த்து வைத்திருந்தார் அப்பா. அத்தையோ, நான் கன்னியர் மடத்தில் சேர்ந்து வடக்கே ஒரிசாக் காட்டுக்குப் போகிறேன், அங்கே வேதம் போதித்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, தேவ அழைத்தல் என்று சொன்ன பெண்ணைத் தடுத்தால் பாவம் வந்து சேரும் என்று பயந்து சரி என்றார். மடத்திலிருந்து எங்கள் பங்குச் சாமியாருக்குக் கேள்வித்தாள் வந்துவிட்டது. பெண் குணமானவள் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரிசா. இல்லாவிட்டால் சொல்தா.

எனக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. முதலியார்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஒரிசாவில் புலி இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, போனவர்கள் திரும்பி வருவதில்லை. இரவில் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிற, என் பேன் தலையை முகம் சுளிக்காமல் வாரிவிடுகிற அத்தை சொல்தாவோடு போவதுதான் எல்லோருக்கும் நல்லது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அத்தைக்குச் சொல்தாவைப் பிடிக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரும்கூடக் கேட்டதாக நினைவில்லை.

வழி காட்டியவர் உபதேசியார். ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தபசுகாலத்தில் நாங்கள் பதினைந்து பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை அப்பம், அதாவது புதுநன்மை, வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். பூசை முடிந்ததும் கோயில் பக்கத்துக் கொட்டகையில் உட்காரவைத்து எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். பங்கிலிருந்து ஒரு பெண் வேதம் போதிக்கப் போகிறாள் என்ற பெருமையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படிப் போகிறவர்களுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று அர்ச்சியசிஷ்ட சின்னப்பர், அதாவது புனித பவுல், வேதாகமத்தில் எழுதி வைத்திருப்பதைச் சொன்னார். பொறுமை வேண்டும். சாந்தம் வேண்டும். சண்டைக்காரராக இருக்கக் கூடாது. நாக்கு இரண்டாக இருக்கக் கூடாது. ஜெபத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். வாயைக் கட்ட வேண்டும். பிறரை ஏளனம் செய்யக் கூடாது. குடிக்கக் கூடாது. நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றிலும் அத்தையை நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் சொன்னது ஒன்றில்தான் அத்தை தேறினாள். சின்னப்பர் எங்கள் தெருவில் குடியிருந்து, எங்கள் அத்தையைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

சரி, இதைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் பெரிய சாமியார் என்று சொல்லும் அந்தப் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். நாற்பது வருஷமாக எங்கள் ஊரில் இருப்பவர். மார்பு வரை வெள்ளைத் தாடி. அவர் தெருவில் வந்தால் பிள்ளைகள் கைகூப்பிச் 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச முடியாது. ஒரு சிறு பிள்ளை அவரோடு தனியாகப் பேசக்கூடிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. புதுநன்மைக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் செய்த பாவங்களை அவரிடம் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். மரக்கூண்டுக்குள் சாமியார், வெளியே முழங்காலில் நாம், நடுவில் துளை போட்ட பலகை. யாருக்கும் கேட்காது. ஆண்டவரே எனக்காக ஏற்பாடு செய்த இடம் என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. மனப்பாடம் செய்திருந்த ஆரம்பத்தை ஒப்பித்துவிட்டு, "என்னோட பாவம் ரெண்டுதான் சாமி. சக்கர எடுத்துத் தின்னேன். தம்பியக் கிள்ளினேன். மீதி எல்லாம் எங்க அத்தையோடது" என்றேன்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பிள்ளாய், பிறர் பாவத்தை இவ்விடத்தில் உரைக்கலாகாது. அவரவரே உரைக்க வேண்டும்" என்று குரல் வந்தது. சாமியாரின் தமிழ் எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஏதோ பழைய புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டு, அந்தப் புத்தகத்தைவிட்டு வெளியே வராத தமிழ்.

"அவங்க சொல்ல மாட்டாங்க சாமி. அதான் நான் சொல்றேன்" என்றேன். அவருக்கு இடமே கொடுக்கவில்லை. தெருக்குழாயில் வரிசையை மாற்றி வைத்தாள் என்று எதிர்வீட்டுக்காரி தலையிலேயே நிறைகுடத்தை அத்தை கவிழ்த்தது. ஜெபமாலை சொல்லும்போது மூன்றாவது தேவரகசியத்திலேயே சுவரில் சாய்ந்து குறட்டை விடுவது. ஒரு வேளை மட்டும் சாப்பிட வேண்டிய ஒருசந்தி நாளில் முறுக்கை நொறுக்கிச் சத்தம் வராமல் தின்றது. நவநாளுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கடற்கரையில் வேர்க்கடலை வாங்கித் தின்றது. அதில் பாதிக் கடலை என்னுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு, முந்தானையைத் தாடி மாதிரி பிடித்துக்கொண்டு சாமியாரைப் போலவே அத்தை பேசிக் காட்டுவதையும் சொன்னேன். எப்படிப் பேசுவாள் என்று கொஞ்சம் பேசியும் காட்டினேன். "அதனால அவங்க வேதம் போதிக்கப் போவக் கூடாது சாமி. முதலியார்பேட்டைக்கே போவட்டும்" என்று முடித்தேன்.

மரக்கூண்டு ஒரு முறை கிறீச்சிட்டது. "உன் இரண்டு பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படு. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்" என்றார். அவ்வளவுதான். நான் தட்டாமாலை சுற்றாத குறையாக வெளியே வந்தேன்.

அந்தச் சந்தோஷம் வீட்டுக்கு வந்து சேரும் வரைதான் நீடித்தது. அத்தை எனக்குப் புதுநன்மைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சின்னச் சின்னப் பூவாகத் தையல் போட்டு, என்னை நிற்கவைத்து அளவு பார்த்து, "ராணி கணக்கா இருக்கடி" என்றாள். உன் அண்ணன் மகள்தான் எல்லாம் சொன்னாள் என்று சாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அத்தை ஒரிசாவுக்குப் போகாமல் இருந்துவிடுவாள், ஆனால் என் தலையை இனி வாரிவிடுவாளா? தவளை தன் வாயால் கெடும் என்பதை நான் அந்த வாரத்தில்தான் கற்றேன். பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. புதுநன்மைக்காக ஒறுத்தல் செய்கிறாள் என்று அம்மா பூரித்துப்போனாள்.

பத்தாம் நாள் சனிக்கிழமை மத்தியானம் சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மடத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் வீட்டாரை நேரில் விசாரிப்பது வழக்கமாம். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மடியில் அந்தத் தாள், கையில் பேனா. நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒடுங்கி நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியின் தலையைத் தடவினார், பூனையைக்கூடப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இருட்டுக் கூண்டில் ஆள் அடையாளம் தெரிந்திருக்காது என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இவளிடம் குறை யாதேனும் உண்டோ?" என்று அப்பாவைக் கேட்டார்.

"கோவம்னா இன்னான்னே தெரியாது சாமி அவளுக்கு" என்றார் அப்பா. "ஜெபமாலைன்னா உசுரு" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் பொய்யர்கள் அல்ல. பெண்ணைப் பற்றி ஒரு சொல் வெளியே போனால் மடமும் கிடைக்காது, முதலியார்பேட்டையும் கிடைக்காது. அந்தப் பயம்தான் பேசியது.

சாமியாரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது, எழுதவில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெகுநேரம் கழித்து அத்தையிடம் திரும்பி, "மகளே, நீ யாதேனும் சொல்ல விரும்புகிறாயோ?" என்றார்.

அத்தை சுவரோரமாக நின்றிருந்தாள். "அண்ணனும் அண்ணியும் சொன்னது ஒண்ணும் நெசம் இல்ல சாமி" என்று ஆரம்பித்தாள். குடத்தைச் சொன்னாள். குறட்டையைச் சொன்னாள். முறுக்கு, கடற்கரை, ஒன்று விடாமல் சொன்னாள். நான் சொன்ன வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனதால், அன்றைக்குக் கூண்டுக்கு அடியில் ஒளிந்திருந்து கேட்டாளோ என்று நினைத்தேன். ஆனால் கடலையில் என் பங்கை அவளும் விட்டுவிட்டாள். "உங்கள மாதிரி பேசிக் காட்டி இவங்கள சிரிக்க வெப்பேன் சாமி, அதுவும் தப்புதான்" என்றதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பேசிக் காட்டு" என்றார் சாமியார்.

அத்தை தயங்கினாள். பிறகு முந்தானையை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, "பிள்ளாய், நீ சுகமாயிருக்கிறாயோ? உன் ஆடு சுகமாயிருக்கிறதோ?" என்றாள். சாமியார் தாடி குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் நாவின் குறையை இவ்வளவு சரியாகப் பிடித்த காது ஒரிய பாஷையை ஆறு மாதத்தில் பிடித்துவிடும், எனக்கு நாற்பது வருஷமாகியும் உங்கள் பாஷை வரவில்லை என்று தம் தமிழில் சொன்னார்.

அத்தை சிரிக்கவில்லை. "இன்னொண்ணு இருக்கு சாமி. எனக்கு அந்தச் சொல்தாவப் புடிக்கல. நான் போறேன்னு சொல்றது ஆண்டவருக்காவா, இல்ல அவருகிட்டேர்ந்து தப்பிக்கவான்னு சில நாள் எனக்கே தெரியல. அத மறச்சிட்டுப் போவ எனக்கு மனசு இல்ல."

அப்பாதான் முதலில் பேசினார். "புடிக்கலன்னா அப்பவே சொல்ல வேண்டிதுதான? சொல்தா பேச்சு இனிமே இந்த வீட்டுல இல்ல, விடு." அதைக் கடிந்து சொல்லவில்லை. அவருக்கும் ஏதோ பாரம் இறங்கினாற்போல்தான் இருந்தது.

சாமியார் அத்தையையே பார்த்து, இப்போது தப்பி ஓட வேண்டிய அவசியம் இல்லை, இனியும் போக விரும்புகிறாயா, யோசித்துச் சொல் என்றார். என் நெஞ்சு துள்ளியது. சொல்தாவும் இல்லை, ஒரிசாவும் இல்லை, அத்தை எங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று மூன்றாவதாக ஒரு வழி திறந்து கிடந்தது. இதை ஏன் நான் முன்பே யோசிக்கவில்லை என்றுகூட நினைத்தேன்.

அத்தை நன்றாகவே யோசித்தாள். தம்பி அழுது, அம்மா அவனைத் தூக்கி, அவன் அழுகை ஓயும் வரை யோசித்தாள். பிறகு, "போறேன் சாமி" என்றாள். முகம் கழுவிவிட்டு வந்தவள் போல் இருந்தாள்.

அவர் தாளை முழங்காலில் வைத்துத் தடதடவென்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார். நாற்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து எங்கள் ஊர் கேட்ட ஒரே நாட்டுத் தமிழ் அதுதான். எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தை போகப்போகிறாள் என்ற துக்கத்தையும் மீறி நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். என் குட்டு வெளிப்படவில்லை. அத்தை என்னை வெறுக்கப்போவதில்லை. அது எனக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது.

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்த வாரம் அத்தை ரயில் ஏறினாள். இப்போது அவளுக்கு ஒரிய மொழியில்தான் கோபம் வருகிறதாம், உடன் இருக்கும் சகோதரிகள் எழுதுகிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது, அதை மனத்தில் வைத்து ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது, ஒரு எழுத்துகூட மாற்றி எழுதக் கூடாது என்பதை நான் தெரிந்துகொள்வதற்குப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் பெரிய சாமியார் கல்லறைக்குப் போய்விட்டார். அத்தை தானாக வாய் திறந்திராவிட்டால், பொய் என்று தெரிந்த பதிலைத் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்திருக்கும் அந்த மனிதருக்கு. அந்தப் பத்து நாளும் நான் சாப்பிடாமல் இருந்தேன், அவர் எப்படி இருந்தாரோ தெரியாது. அன்று மத்தியானம் அம்மா கொடுத்த தண்ணீரை அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தபோது, பாவம், கிழவருக்கு வெயில் தாங்கவில்லை என்று நினைத்து நான் ஓடிப்போய் இன்னொரு செம்பு கொண்டுவந்து கொடுத்தேன்.