தம்புசாமி குடியை விட்ட கதை

தம்புசாமி வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை. எழுபதை நெருங்கும்வரை அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை.

ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். குடித்ததெல்லாம் அவருடைய தம்பி சின்னையாதான். சின்னையா சம்சுச் சாராயக் கடைக்குப் பின்னால் கால்வாயோரம் விழுந்து கிடப்பான். தம்புசாமி போய் அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வருவார். மகன் சுகுமாறன் சித்தப்பாவின் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பான். அந்தக் குடியிலேயே ஒருநாள் சின்னையா செத்தும் போனான்.

இளவயதில் ஒரு சம்பள நாளன்று மற்ற டிரைவர்கள் தம்புசாமியின் கையிலும் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "லோரி ஓட்டணும்" என்றார். நாளைக்குத்தானே என்றார்கள். "நாளைக்கும் ஓட்டணும்" என்றார். அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. அவருக்கும் அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோது கிள்ளானுக்கு வந்தார். மனைவி பவுனம்மாள் இறந்த பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, தாமான் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போனார். புதிதாகக் குடிவருகிறவர்கள் பள்ளி வேன் பற்றி விசாரித்தால் அக்கம்பக்கத்தார் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். தம்புசாமி அங்கிள் வேன் என்றால் பயமில்லை என்றார்கள்.

வீட்டில்தான் பயம் இருந்தது. சுகுமாறனுக்குத் துறைமுகத்து ஷிப்பிங் ஆபீஸில் வேலை போனது. அவன் மனைவி காஜாங்கில் தன் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதன் பிறகு அவன் அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். தம்புசாமி கதவுக்கு வெளியே தட்டை வைப்பார். வேன் ஓட்டிவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றை எடுத்துக் கொட்டுவார். பல மாதம் அப்படிப் போயிற்று.

பிறகு யாரோ ஒரு நண்பன் வந்து அவனை பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் ஒரு வகுப்புக்குக் கூட்டிப்போனான். வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் வகுப்பாம். மறுநாள் காலை குளியலறையில் முகம் சவரம் செய்யும் சத்தம் கேட்டது. தம்புசாமி வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வகுப்புக்காரர்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டார்.

சுகுமாறன் எழுந்து நடமாடினான். பேச்சும் மாறிவிட்டது. "ப்பா, நம்ம மைண்ட்செட்தான் நம்மள கீழயே வச்சிருக்கு" என்பான். தம்புசாமி டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, "ஆமாப்பா" என்பார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான்.

"ப்பா, வர்ற ஞாயித்துக்கெழம நீங்க பிரிக்பீல்ட்ஸ் வரணும். பேமிலி செஷன் இருக்கு."

"நா எதுக்குடா அங்க?"

"மேடையில நா ஒங்கள மன்னிக்கணும்."

தம்புசாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "என்னாத்துக்கு?"

சுகுமாறன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து, எந்தப் பள்ளத்திலிருந்து மேலே வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு முன்னால் சொன்னவர்களில் ஒருவனின் அப்பா வீட்டுக்குத் தீ வைத்தவர். இன்னொருத்தி பஸ் ஸ்டேஷனில் படுத்து வளர்ந்தவள்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒன்னுமே இல்லப்பா. வேல போச்சு, படுத்துக் கெடந்தேன். அத எவன் உக்காந்து கேப்பான்? அதான், நீங்க குடிப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

"நானா?"

"சித்தப்பா கததான்ப்பா. ஆள மட்டும் மாத்திட்டேன்."

தம்புசாமி விரலில் ஒட்டிய சோற்றைத் தட்டோரத்தில் வழித்தார். பிறகு, "ஒங்கம்மாவ அடிச்சேனா?" என்று கேட்டார்.

"ஒரு தடவதான்."

"எதால?"

"பெல்ட்டால."

"எங்கிட்ட பெல்ட்டே கெடையாதேடா. கைலியும் அரக்கால் சிலுவாரும்தான."

"லோரி டிரைவர்னா பெல்ட்டு போட்டிருப்பாருன்னுதான்லா நெனப்பாங்க" என்றான் சுகுமாறன். அதைச் சொன்னபோது அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. தம்புசாமிக்கு வரவில்லை.

அன்றைக்குக் கூடமே எழுந்து நின்று கைதட்டியதாம். அவனுக்குக் கீழே ஒரு குழுவைக் கொடுத்திருக்கிறார்களாம். இப்போது அந்த அப்பாவை மேடைக்குக் கூட்டிவா என்கிறார்களாம்.

"அது பொய்டா" என்றார் தம்புசாமி. "நா வரமாட்டேன்."

சுகுமாறன் சண்டை போடவில்லை. கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாயந்தரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோதும் கதவு சாத்தியே இருந்தது. மறுநாளும் அப்படியே. கதவுக்கு வெளியே அவர் வைத்த தட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. தம்புசாமி தட்டை எடுத்தார். கொட்டப் போனவர் திரும்பி வந்து கதவில் தட்டினார்.

"எந்தச் சட்டயப் போட்டுட்டு வரணும்?"

பிரிக்பீல்ட்ஸில் கடைகளுக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கூடம். ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைத்தது. வகுப்பு நடத்தும் பிரவின், சுகுமாறனைவிட இளையவன். கோட்டு போட்டிருந்தான். தம்புசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, உங்க வயசுல இந்த மாதிரி ஒரு சாய்ஸ் எடுக்க ரொம்ப தைரியம் வேணும். நீங்க ஒன்னும் பேச வேணாம். அழுக வந்தா அடக்காதீங்க. அது போதும்."

மேடையில் விளக்கு கண்ணைக் கூசவைத்தது. சுகுமாறன் அவர் முன்னால் மண்டியிட்டு, மைக்கைப் பிடித்து, "எங்கம்மாவ அடிச்சதுக்காக ஒங்கள மன்னிக்கிறேன்ப்பா" என்றான். அவன் அழுதான். அது நடிப்பில்லை. தம்புசாமிக்குப் புரியாமல் போனது அதுதான். நடக்காத ஒன்றுக்கு இவனுக்கு எங்கிருந்து இவ்வளவு கண்ணீர் வருகிறது? பவுனம்மாள் இருந்திருந்தால் மேடைக்கே ஏறி வந்து அவன் காதைத் திருகியிருப்பாள். அவளை நினைத்ததும் அவர் கண்ணும் கலங்கியது. கூடம் முழுக்கக் கைப்பேசிகள் உயர்ந்தன.

இறங்கி வந்தபோது ஒரு பெண் வழிமறித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா கடசிவரைக்கும் ஒரு வார்த்த கேக்காமலே போய்ட்டாரு அங்கிள்" என்று தேம்பினாள். "பரவால்லம்மா" என்றார் தம்புசாமி. யாருக்காக அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சுகுமாறன் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். "மனசு லேசா இருக்குப்பா" என்றான்.

"சாப்புடு" என்றார் அவர்.

அந்த வாரமே வீடியோ தாமானுக்கு வந்துவிட்டது. வேனில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் வைத்திருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ போட்டார்கள். மறுநாள் ஒரு வீட்டு வாசலில் பிள்ளை இல்லை. காய்ச்சல் என்றார்கள். இன்னொரு வீட்டில், இனிமேல் தாத்தாவே கூட்டிப்போவார் என்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளை பள்ளி வாசலில் வேறு வேனிலிருந்து இறங்கி, அவரைப் பார்த்துக் கையசைத்தது.

மளிகைக்கடை ரெங்கசாமி கேலியாகக் கேட்டார். "என்னாண்ணே, இத்தன வருசப் பழக்கம், நம்மகிட்டயே மறச்சிட்டீங்களே. எங்க போய்ப் போடுவீங்க? சொல்லியிருந்தா நானும் தொணைக்கு வந்திருப்பேன்லா."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்புசாமியும் சிரித்தார். நான் குடித்ததே இல்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தை என் மகன் பொய்யன் என்பதாக இருக்கும். கோப்பித்தூள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டார். "அந்த வேன் பிள்ளைங்க குரூப்புல மட்டும் ஒரு வார்த்த போட்டுரு. நா குடிக்கிறவன் இல்லன்னு."

"இப்ப மாத்திச் சொன்னா என் டீம்ல உள்ளவங்க ஒடஞ்சிருவாங்கப்பா. என்னப் பாத்துத்தான் எந்திரிச்சிருக்காங்க."

"நா ஒடஞ்சா?"

"நீங்க ஸ்ட்ராங்கான ஆளுப்பா" என்றான் சுகுமாறன். "போறவங்க நெகட்டிவ் ஆளுங்க. போகட்டும், விடுங்க. நல்லத மட்டும் பாருங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் நின்று தலை சீவினான். அன்றைக்கு அவனுக்கு வகுப்பு இருந்தது.

கடைசியில் வேனில் சில பிள்ளைகளே மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவன் ரிஷி. அவன் அம்மா ஷாமினி ஷா ஆலம் தொழிற்சாலைக்குக் காலையிலேயே போக வேண்டியவள். கூட்டிப்போக வேறு யாரும் இல்லை. அன்று அவள் ரிஷியின் தோளைப் பிடித்தபடி வாசல் கேட்டருகே நின்றாள். வேன் நின்றதும் கதவைத் திறக்காமல், முன்பக்கம் டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள்.

"அங்கிள், ஒன்னு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"இப்ப இல்லதானே? விட்டுட்டீங்கதானே?"

தம்புசாமி ஸ்டியரிங்கைப் பார்த்தார். இல்லம்மா, நான் தொட்டதே இல்லை என்றால் நம்பமாட்டாள். குடிகாரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சின்னையாவும் அதைத்தான் சொன்னான். வீடியோவில் அவரே அழுததை இவள் பார்த்திருக்கிறாள்.

"விட்டுட்டேன்ம்மா" என்றார்.

"ரொம்ப நாளாச்சா?"

"ரொம்ப நாளாச்சு."

ஷாமினி தலையாட்டினாள். ஆனாலும் நகரவில்லை. ஜன்னல் வழியாக எட்டி, அவர் மடியில் கிடந்த சீட் பெல்ட் வாரைச் சரிசெய்வதுபோல் இன்னும் குனிந்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. சின்னையாவின் சட்டைப் பொத்தானை மாட்டிவிடும் சாக்கில் அவரும் இப்படித்தான் குனிவார்.

அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று, தம்புசாமி முகத்தை அவள் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து, மெதுவாக மூச்சை விட்டார்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஏறு, ரிஷி" என்றாள்.