பிஸ்கட் டப்பாவில் கலந்த மாத்திரைகள்

தெருவில் அவரை எல்லாரும் ‘கிளவுஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சலூன் நடத்துபவர். கோடையிலும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் முடி வெட்டுவார்.

“என்னப்பா, முடி வெட்டப்போறியா, ஆபரேஷன் பண்ணப்போறியா?” என்று கேட்பார்கள்.

“ஆபரேஷன்தான். உங்க முடி பிழைக்கிறது கஷ்டம், சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க” என்பார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்வார்.

கையுறைக்குள் இருந்தது சோரியாசிஸ். சிவந்து தடித்த தோல், மேலே வெள்ளிச் செதில். தோலோடு நிற்காமல் மூட்டுக்கும் இறங்கியிருந்தது. காலையில் விரல் மடங்காது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாது. இது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயில்லை. மருத்துவம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் தன் கழுத்தில் செதில் உதிர்வதைப் பார்த்த ஒருவர், பாதி வெட்டிய தலையோடு துண்டை உதறிவிட்டு எழுந்து போனார். மறுநாளே கையுறை வந்துவிட்டது. போன ஜென்மத்துப் பாவம் என்று பக்கத்துக் கடைக்காரர் வேறு விளக்கம் கொடுத்தார். பாவம் செய்தவர்களுக்கெல்லாம் செதில் முளைக்கும் என்றால், பெரிய மனிதர்கள் பலர் மீன்களாகத்தான் திரிய வேண்டும்.

எலும்பு, மூட்டு, தசை, தோல் நோய்களை ஆராய மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே புதிய மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து; மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே போன்ற, மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. கிளவுஸ் அதில் சேர்ந்தார். காத்திருக்கும் பெஞ்சில் அதே நோயோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பேக்கரியில் மாவு பிசைபவர். அவருக்கு ‘ரொட்டி’ என்று பேர் வைத்ததே கிளவுஸ்தான்.

“உனக்கென்னய்யா, கையிலேர்ந்து உதிர்ந்தா மாவுன்னு சொல்லிடலாம்.”

“உனக்கு மட்டும் என்ன? வர்றவன் தலையிலேர்ந்து விழுந்த பொடுகுன்னு சொல்லு.”

நெடுநாள் யாரிடமும் கை நீட்டாத இரண்டு பேர், அன்று கை குலுக்கிக்கொண்டார்கள். பிறகு ரொட்டி தினமும் மதியம் சலூனுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் அவர்தான் ஆரம்பித்தார்.

“நம்மள்ல ஒருத்தனுக்கு வெறும் மாத்திரைன்னு வை. ஒருத்தன் கை சரியாயிடும், இன்னொருத்தன் கை இப்படியே இருக்கும். அப்புறம் எப்படிய்யா மூஞ்சில முழிக்கிறது?”

கிளவுஸ் கடைக் கதவைச் சாத்தினார். காலி பிஸ்கட் டப்பா ஒன்றில் இருவரும் தங்கள் பாட்டில்களைக் கவிழ்த்தார்கள். நன்றாகக் குலுக்கினார்கள். மறுபடி பாட்டில்களில் பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை மாத்திரை வாங்கி வந்ததும் இதே வேலை. நியாயமான பங்கீடு! ஒரு ஆராய்ச்சியை இதைவிட அன்பாக யாராலும் கெடுக்க முடியாது. பாதிப் பேருக்கு ஏன் வெறும் மாத்திரை தரவேண்டியிருக்கிறது என்று நிலையத்து டாக்டரம்மா சொல்லத்தான் செய்தார். கதவுக்கு வெளியே கூட்டம் நெருக்க, மூச்சு விடாமல் சொன்னார். மக்கள் காசு, மக்கள் உடம்பு; மக்களுக்கு நிதானமாக விளங்க வைப்பதற்கு மட்டும் எந்த அரசுக்கும் நேரமில்லை.

கிளவுஸின் கைகள் தெளிய ஆரம்பித்தன. செதில் மெலிந்தது, விரல் மடங்கியது. ஒரு நாள் துணிந்து கையுறையைக் கழற்றிவிட்டு ஒருவருக்குச் சவரம் செய்தார். அந்த ஆள் கவனிக்கவே இல்லை. கண்ணை மூடிக் குறட்டை விட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியின் கன்னத்தை வெறுங்கையால் தொட்டார். “கத்தி எங்க?” என்றார் அந்த அம்மாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. ஒரு காலையில் ரொட்டியின் மனைவி போன் செய்தார்.

“அண்ணே, அவருக்குக் காய்ச்சல் கொதிக்குது. வாயெல்லாம் புண்ணு, தண்ணி கூட இறங்கலை, பேசவும் முடியலை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். ஆராய்ச்சி மருந்தால இருக்குமோன்னு நிலையத்துல கேட்டுப் பார்த்தாங்க. பூட்டி வச்சிருந்த ரகசியப் பட்டியலைப் பிரிச்சுப் பார்த்தாங்களாம், இவருக்குக் குடுத்தது வெறும் மாத்திரைதானாம். அதனால பயப்பட ஒண்ணுமில்லை, வைரஸ் காய்ச்சல்தான்னு அனுப்பிட்டாங்க. ரத்தம் எடுத்திருக்காங்க, ரிப்போர்ட் நாளைக்காம்.”

டாக்டரம்மா மூச்சு விடாமல் சொன்னதில் ஒன்று மட்டும் கிளவுஸ் மண்டையில் பதிந்திருந்தது. சிலருக்கு இந்த மருந்து, கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே ஓடி வரவேண்டும். ரொட்டிக்குக் கொடுத்தது வெறும் மாத்திரை என்றால், மருந்து தன் பாட்டிலில்தான் இருந்திருக்கிறது. அதில் பாதி ரொட்டியின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு இது தெரியாது.

“மறுபடியும் கூட்டிட்டுப் போங்க. காய்ச்சல் குறையலைன்னு சொல்லுங்க” என்றார். தன் குரலில் இருந்த கோழைத்தனம் அவர் காதிலேயே விழுந்தது.

“இப்பத்தானே வந்தோம், கத்துவாங்கண்ணே.”

போனை வைத்தார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். “யாருங்க? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

சொன்னார். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டார். “சொன்னா உங்க மாத்திரையை நிறுத்திடுவாங்களா?”

“நிறுத்திடுவாங்க. வெளியவும் அனுப்பிடுவாங்க.”

அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார் மனைவி. அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல்தான் கிளவுஸ் செருப்பை மாட்டினார்.

நிலையத்தின் தாழ்வாரம் அன்று நீண்டுகொண்டே போனது. இப்போதும் திரும்பிவிடலாம். ரொட்டி தானாகவே பிழைத்துக்கொள்ளலாம். வைரஸாகவே இருந்துவிடலாம்.

டாக்டரம்மா எதிரில் வந்தார். “என்ன, இன்னைக்கு உங்க முறை இல்லையே?” என்றபடி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அடேயப்பா! எவ்வளவு நல்லா ஆகியிருக்கு!”

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் கிளவுஸ் கையை உருவிக்கொண்டார்.

“ரொட்டிக்கு... அந்த பேக்கரிக்காரனுக்கு வந்தது வெறும் காய்ச்சல் இல்லைம்மா. என் மருந்தை அவனும் சாப்பிட்டான். ரெண்டு பாட்டிலையும் கலந்துட்டோம்.”

“கலந்துட்டீங்களா? எத்தனை நாளா?”

“ஆரம்பத்துலேர்ந்தே.”

டாக்டரம்மா போனை எடுத்தார். ஆம்புலன்ஸ், தனியறை, ரத்த ரிப்போர்ட் இப்போதே வேண்டும் என்று உத்தரவுகள் பறந்தன. ரிப்போர்ட்டும் போனிலேயே வந்தது. வெள்ளணு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறகுதான் டாக்டரம்மா கத்தினார்.

“இது விளையாட்டா உங்களுக்கு? அந்த ஆளைக் கொன்னிருப்பீங்க! இந்த ஆராய்ச்சியை நம்பி இருக்கிற மத்தவங்க கதி என்ன? எவ்வளவு தூரம் சொன்னேன்!”

“சொன்னீங்கம்மா. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும்தான் புரிஞ்சுது.”

டாக்டரம்மா ஊசியை எடுத்தார். “உங்க கையையும் நீட்டுங்க. உங்க ரத்தத்தையும் பார்க்கணும்” என்றார். ஊசி குத்தும்போது கிளவுஸ் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. இனி அது கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

கிளவுஸின் ரத்தத்தில் குறையில்லை. ரொட்டியைக் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் வைத்தார்கள். ஒரு கிருமி நுழைந்தால் போதும் என்ற நிலை. உள்ளே போகிற எல்லாரும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டார்கள். கிளவுஸும் போட்டுக்கொண்டு தினமும் கட்டில் ஓரம் நின்றார். காய்ச்சல் ஏறும் நாளில் ரொட்டி யாரையும் அடையாளம் காணவில்லை. குளிரில் பற்கள் தந்தியடித்தன. தெளிந்த ஒரு நாள், கண்ணை ஓட்டி எல்லார் கைகளையும் பார்த்தார். “என்னய்யா... மொத்தப் பேரையும் உன் கடையில வேலைக்கு எடுத்துட்டியா?” என்று முனகினார். கிளவுஸால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் டாக்டரம்மா வேகமாக வந்தார். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை வைத்து கிளவுஸால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“வெள்ளணு ஏறுது” என்றார். “ஆபத்தை இன்னும் தாண்டலை. ஆனா ஏறுது.”

கிளவுஸ் சுவரில் சாய்ந்தார். அப்போதுதான் கையுறைக்குள், விரல் இடுக்கில், பழகிப்போன அந்த அரிப்பு தொடங்கியிருப்பது தெரிந்தது. சொறியவில்லை. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ரொட்டியின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.