மலை இறங்கிய பொட்டு

எங்கள் அப்பா சேலத்து ஜவ்வரிசியை லாரியில் ஏற்றிக்கொண்டு நேபாளம்வரை போய்வருவார். ஒருமுறை எல்லையில் அந்த நாட்டு ரோடு மேப் ஒன்றை வாங்கிவந்து, ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டினார். அவர் போன் பண்ணும் ஊர் எதுவோ, அங்கே அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டை நகர்த்தி ஒட்டுவாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகும்போதுகூட அதைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு அந்த மேப்பைப் பார்த்தால் இளக்காரம். கீழே சமவெளியில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு, மலைக்குள் ஏறுவதற்கு நாலைந்து கோடுகள், அவ்வளவுதான். சேலம் ரோட்டில் அடைப்பென்றால் நாங்கள் திருச்செங்கோடு வழியாகப் போகிறவர்கள். இதெல்லாம் ஒரு நாடா என்று நினைப்பேன்.

அந்த ஆடியில் அப்பா காட்மாண்டுவில் லோடு இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் முக்ளிங் என்ற ஊரிலிருந்து பேசினார். ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர்க் காவிரி ஆற்றுக்குக் கூட்டிப்போவதாக எனக்கு வாக்குக் கொடுத்தார். அதன்பிறகு போனே இல்லை. அந்த ரோட்டில் மலை சரிந்து, வண்டிகள் ஆற்றுக்குள் போய்விட்டதாக டிவியில் சொன்னார்கள். அம்மா டிவியை அணைத்தாள். எனக்கு மட்டும் சோறு போட்டாள். ஐந்து நாள் பொட்டு முக்ளிங்கிலேயே இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பொட்டு நகராததால் என் மோகனூர்ப் பயணம் போய்விடுவதா? ஆறாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முக்காலி போட்டு ஏறி, பொட்டைப் பிய்த்து, மலையெல்லாம் தாண்டி எல்லைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

பண்ணையிலிருந்து வந்த அம்மா மேப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“ஏஞ்சாமி, பொட்டு கீழ எறங்கியிருக்குது?”

அடி விழுமோ என்ற பயத்தில், “அப்பா போன் பண்ணுனாரும்மா,” என்று சொல்லிவிட்டேன்.

கீழே உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“என்ன சொன்னாரு?”

“மழ உட்டுருச்சாமா. ரொட்டி தின்னாராமா.”

“அப்பறம்?”

அவள் கேட்கக் கேட்க எனக்குக் குஷி பிறந்துவிட்டது. “உன்னையச் சாப்படச் சொன்னாரு.”

“அவரு சொன்னா சாப்படோணுமல்ல,” என்று எழுந்து போய், தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்பை இடது கையால் அழுத்திப் பிடித்தபடியே சாப்பிட்டாள். பட்டினி கிடந்து வயிறு வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நிஜமாகவே போன் வந்தது. சரிவுக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாராம். இப்போதுதான் வழி விட்டார்களாம். என் குட்டு உடையப்போகிறது என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மாவோ அழுகையும் சிரிப்புமாக, “நீங்க சொன்னீங்கன்னு அன்னைக்கே சாப்ட்டுட்டேனுங்க,” என்றாள். அந்தப் பக்கம் அப்பா ஒன்றும் புரியாமல் விழித்திருப்பார், பாவம்.

ஆடிப்பெருக்குப் போன பிறகுதான் அப்பா வந்தார். அம்மாவை எப்படி ஏமாற்றினேன் பார் என்று வெகுகாலம் எனக்குள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த ஒரே போன் அன்றைக்கு முழுக்க அவள் இடுப்பில்தான் இருந்தது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.