கல் முடிந்த வேண்டுதல்

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடக்கிறது. மஞ்சள் என்று நான் சொன்னால்தான் தெரியும். சாயம் போய்ப் பழந்துணியாகிவிட்டது. தை மாதம் வீடு ஒழித்தபோது மருமகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது எந்தச் சாமிக்குங்க அத்தை?” என்று கேட்டாள். ஒரு சாமியை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதும், பிறகு அந்தக் கோயிலுக்குப் போய்ச் செலுத்திவிட்டு வருவதும் எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால் அவள் கேட்டதில் தப்பில்லை. நான் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அது என் நங்கை கொடுத்தது. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம்.

சேலத்துப் பக்கமிருந்து வரும் திருமணிமுத்தாறு காவிரியில் விழுகிற இடத்தில் எங்கள் ஊர். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நங்கை மல்லசமுத்திரத்துப் பக்கமிருந்து வாழ வந்தாள். அவளுடைய ஊரையும் அந்த மணிமுத்தாறுதான் தொட்டுக்கொண்டு வருகிறது. வந்த மறுவாரமே, “எங்க ஊட்டுத் தண்ணி இங்கதான் முடியுதாமா, அது எந்த எடம்?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கு அப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்த நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த நாளில் வீட்டுக்கு வந்த பெண் கிணற்றுக்கும் காட்டுக்கும் போகலாம், தாய்வீட்டுக்குப் போகலாம். சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். என் அம்மா யாருக்கும் பயப்படாதவள், சாமிக்குத் தவிர. நங்கைக்கு அது புரிய ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, ஆறு சேருமிடத்துக் கூடுதுறை அம்மனுக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்லி, சாமி படத்தருகே ஒரு மஞ்சள் முடிச்சை வைத்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்ட அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அதைப் பிள்ளை வரம் என்று எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் அனுப்பினாள்.

இரண்டு ஆறும் சேருமிடத்தில் கோரை ஆளுயரம் நின்றது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து, காவிரியோடு உடனே கலக்காமல், கரையோரமாகவே கொஞ்ச தூரம் தனியாக ஓடியது. நீர்நாய்கள் இரண்டு பாறைமேல் ஏறி எங்களைப் பார்த்துவிட்டு முங்கின. நங்கை முழங்கால் தண்ணீரில் நின்று முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காசு இல்லை. அவள் ஊர் ஆற்றில் பொறுக்கிய ஒரு கூழாங்கல் இருந்தது. அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அங்கே கிடந்த ஒரு கிளிஞ்சலை எடுத்து அதே துணியில் முடிந்தாள். சாமி கண்ணைக் குத்தாதா என்று கேட்டேன்.

“காசு முடிஞ்சாத்தான் கண்ணு அது வேண்டுதலு. கல்லு முடிஞ்சா, சும்மா பாக்கப் போறது” என்றாள்.

கிளிஞ்சல் முடிச்சு எங்களைப் புலிகுத்திக் கல்லுக்குக் கூட்டிப்போனது. ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றின் அடியில், புலியின் வாயில் ஈட்டியைச் செருகி நிற்கும் ஒருவனைச் செதுக்கிய கல் அது. மாடு மேய்க்கிறவர்கள் முதுகு சாய்த்துச் சாய்த்து அவன் முகமே வழவழவென்று ஆகியிருந்தது. நங்கை அந்த முகத்தை விரலால் தடவி, இவன் பெண்டாட்டி எங்கே நின்று பார்த்திருப்பாள் என்று கேட்டாள். அங்கே கிளிஞ்சலை வைத்துவிட்டு ஒரு கற்சில்லை முடிந்தாள். இப்படி ஓர் இடத்தில் எடுத்ததை அடுத்த இடத்தில் விடுவது அவள் வழக்கமாயிற்று. ஒரு முறை இடிந்த மண்கோட்டை, ஒரு முறை நாரைகள் அடையும் மருதந்தோப்பு. இரண்டு வருடத்தில் நாலைந்து இடம் பார்த்திருப்போம். நடுவில் அவளுக்கு ஒரு மகனும் பிறந்ததால் அம்மாவின் நம்பிக்கை இன்னும் முற்றிவிட்டது.

கடைசியாகப் போனது தாழிமேட்டுக்கு. மழை அரித்த கரையில் பெரிய பெரிய பானைகளின் வாய்கள் வரிசையாகத் தெரியும். முன்காலத்தில் செத்தவர்களை உள்ளே உட்காரவைத்துப் புதைத்த பானைகள். ஊரார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பக்கத்திலிருந்த கருப்பனார் கோயிலைச் சொல்லித்தான் அன்று கிளம்பினோம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக மினுமினுத்த ஒரு பானை ஓட்டுத் துண்டை எடுத்து நங்கை முடிந்துகொண்டாள். திரும்பும் வழியில் பரிசல்காரரிடம், இந்தக் காவிரி எங்கே போய் முடிகிறது என்று கேட்டாள். அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறாராம். கடல் சேருமிடத்தில் உப்புத் தண்ணீர் ஆற்றை எதிர்த்து உள்ளே ஏறி வருமாம். பொழுது சாயும்போது திரும்பிப் போகுமாம். நங்கை அன்று முழுக்க வேறு பேச்சே பேசவில்லை. அடுத்த வேண்டுதல் அதற்குத்தான் என்றாள். அவ்வளவு தூரத்துக்கு எந்தச் சாமியைச் சொல்வது என்று தெரியாமல், ஓட்டு முடிச்சு சாமி படத்தருகே மாதக்கணக்கில் காத்திருந்தது.

அந்த ஐப்பசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் கொடுத்த கஷாயம் தங்கவில்லை. இரண்டாம் நாள் நங்கை புதுத் துணி கிழித்து மஞ்சளில் நனைத்துக்கொண்டு வந்தாள். அவள் கையில் காசு இல்லை. கோயில் நோம்பிக்கு மாமா எனக்குக் கொடுத்த சதுர இரண்டணாக் காசை நான் கொண்டுபோய் நீட்டினேன். அதை முடிந்து ஓட்டு முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் உண்மையாக வேண்டிக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பக்கத்தில் ஓடு இருப்பதால்தான் சாமி காசை ஏற்கவில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. சொல்லிவிட்டால் சாமி மன்னித்துவிடும், குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முடிச்சை அவிழ்த்து ஓட்டைக் கையில் எடுத்தாள், அது எங்கே எடுத்தது என்று நான் சொன்னதும் கீழே போட்டாள். பிறகு குழந்தையை மடியில் வைத்திருந்த நங்கையின் எதிரே போய் நின்றாள்.

“பொணம் வெச்ச பானையக் கொண்டாந்து சாமிகிட்ட வெச்சுப்போட்டு, எம் பேரன் பொழைக்கோணும்னு எந்த வாயில கேக்கறே?”

நங்கை குழந்தையின் நெற்றித் துணியை நனைத்துப் போட்டாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். ஐந்தாம் நாள் உச்சிப்பொழுதில் குழந்தை போய்விட்டது. அதே வாரம் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு குழந்தைகள் அதே காய்ச்சலில் செத்தன. அந்த வீடுகளில் எந்த ஓடும் இல்லை. இது எனக்குத் தோன்றப் பல வருடம் ஆயிற்று. அம்மாவுக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

அதன்பிறகு நங்கையைப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே போகவில்லை. ஆற்றுக்கு வரச்சொன்னால் கிணற்றுத் தண்ணீர் போதும் என்பாள். இரண்டு பெண்களைப் பெற்றாள், மாடு கறந்தாள், அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டாள். யார் சொன்னது என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் காலில் விழுந்து அழுதுவிடலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி ராசிபுரத்துக்கு நான் வண்டி ஏறுகிற அன்று, பூச்சூட்டுகிற சாக்கில் பக்கத்தில் வந்து, என் கைக்குள் இந்த முடிச்சைத் திணித்தாள்.

“எங்கியாச்சும் போகோணும்னு இருந்தா இதக் காட்டு கண்ணு. உன்ற காசுதான். ஆராவது அவுத்துப் பாத்தாலும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க” என்றாள்.

அம்மாவிடம் சொன்னது நான்தான் என்பது அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. நான் அழுததைப் பார்த்துத் தாய்வீட்டுப் பாசம் என்று எல்லோரும் தேற்றினார்கள். நங்கை செத்த சேதி எனக்கு வந்தபோது மூன்றாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது.

நான் அதை ஒருவருக்கும் காட்டியதில்லை. மருமகள் கேட்ட அன்று சாயங்காலம், மில்லிலிருந்து வந்த மகனிடம் எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, காவிரி கடலில் சேர்கிற இடத்துக்குப் போக வேண்டும் என்றேன். சொல்லும்போது நங்கையைப் போலவே தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். என்ன சாமி, என்ன வேண்டுதல் என்று அவன் கேட்பான் என்று பதிலைக்கூடக் கூட்டி வைத்திருந்தேன்.

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அதுக்கு எதுக்குங்கம்மா வேண்டுதலு? பாக்கோணும்னா போயிப் பாத்துட்டு வரலாம்” என்றான்.

சேலை மடிப்பில் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். துணிக்கு மேலேயே காசின் நான்கு மூலையும் விரலில் தட்டுப்பட்டன.