பின்வாசலில் நின்ற கார்

மருந்துக் கிடங்கில் சரக்கு இறக்கும் வேலைக்கு அவள்தான் மேற்பார்வை. ‘இடியக்கா’ என்பார்கள், அவள் காதுபடவே சொல்வார்கள்.

அவள் கோபம் சும்மா வந்ததல்ல. கிடங்குக்கு இரண்டு வாசல். பின்வாசலை ஒட்டியே குளிர் அறை. ஆனால் அந்த வாசல் திறப்பதே இல்லை. அங்கே கூரை நிழலில் மேலாளரின் கார் நிற்கும். அதனால் வரும் லாரியும் போகும் லாரியும் முன்வாசலில் முட்டிக்கொண்டு கிடக்கும்.

“சார், வர்றது பின்னால, போறது முன்னால. அவ்வளவுதான் சார்!” என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

“பார்க்கலாம்மா,” என்பார் மேலாளர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு வியாழக்கிழமை இன்சுலின் வண்டி வந்தபோது முன்வாசலில் வேறு லாரி நின்றது. வண்டியின் குளிர்சாதனமோ வழியிலேயே பழுதாகிவிட்டது. முறை வந்து இறக்கியபோது பெட்டிகள் கொதித்தன. அத்தனையும் வீண். அழிக்கச் சொல்லிவிட்டார்கள். அதே ஊசியை நம்பித்தான் அவள் அண்ணன் உயிரோடு இருக்கிறார். 

மறுநாள் மருந்து வண்டி வந்ததும் ஓட்டுநரிடம் போனாள். “அண்ணே, பின்னால விடுங்க.”

“அங்க மேனேஜர் கார் நிக்குதேம்மா?”

“நிக்கட்டும். அதுக்குப் பின்னால ஒட்டி நிறுத்துங்க. திட்டு விழுந்தா என் தலையில விழட்டும்.”

பின்வாசலை அவளே திறந்துவிட்டாள். பெட்டிகள் காரைச் சுற்றிக் கைமாறிக் கைமாறிக் குளிர் அறைக்குள் போயின. பாதியில் மேலாளர் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“யாரைக் கேட்டு இப்படிப் பண்ணின? நான் அவசரமா வெளிய போகணும்!”

“மருந்துக்கும் அவசரம்தான் சார். நேத்து அது வெயில்ல நின்னுச்சு, இன்னிக்கு நீங்க நில்லுங்க.”

“உன் வேலை போயிடும், தெரிஞ்சுக்க!”

“போகட்டும். சரக்கு ஏன் வீணாச்சுன்னு மேலிடத்துல ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லலாம். வர்றீங்களா?”

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இறக்கி முடியும்வரை வெயிலில் நின்றார்.

அடுத்த வாரம் கார் தெருவுக்குப் போனது, பின்வாசல் தினமும் திறந்தது. வண்டிகள் தேங்காமல் வந்து போயின. இடியக்காவுக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

“அதான் நினைச்சதைச் சாதிச்சுட்டியே! இன்னும் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?” என்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்த கணவன் கேட்டான்.

“ஒரு காரை நகர்த்துறதுக்கு ஒரு வண்டி மருந்து பாழாகணுமா?” என்று தட்டை நங்கென்று வைத்தாள்.